பிறர்க்காக இரந்த பெருமாட்டி

பெங்களூரிலோ செகந்தராபாத்திலோ கொல்கத்தாவிலோ குடியேறி வாழும் நம்மவருள் சிலர், காய்கறி அங்காடியிலே வெண்ணிற உடையணிந்த கன்னியர் இருவர் கடை கடையாக நின்று செல்வதைக் கண்டிருக்கலாம். ஒருவர் கொஞ்சம் உருளைக்கிழங்கு அளிப்பார். மற்றொருவர் விலை போகாமல் நின்ற கீரைக்கட்டுகளைக் கொடுப்பார். இன்னொருவர் கையை விரித்துவிடுவார். எல்லோரையும் ஒரே வகையாக வணங்கி அக்கன்னியர் அடுத்த கடைக்குச் செல்வர். அவர்கள் கேட்பது தமக்காக அன்று. தம் இல்லத்தில் வாழும் ஆதரவற்ற முதியோர்க்காகவே அவர்கள் கை ஏந்துகின்றனர். அவர்களுடைய சபைக்கு ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்று பெயர். அச்சபை தோன்றிய வரலாற்றையும், அதனைத் தோற்றுவித்தவர் தம் பெயரையே இழந்து நின்ற வரலாற்றையும் இவ்வுரையில் காண்போம்.

பிரான்சு நாட்டின் வடமேற்கே பிரித்தானி என்னும் நிலப்பகுதி உள்ளது. அதன் கடற்கரையிலே கான்கால் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் ழான் ழுகான் பிறந்தார். அதற்கு முந்திய மாதத்தில்தான் பிரான்சு முடியாட்சியை ஒழித்துக் குடியரசாகியிருந்தது. மடங்கள் மூடப்பட்டிருந்தன, துறவியர் சிதறியிருந்தனர். ழானுக்கு நான்கு வயது நிரம்புவதற்குள் அவர் தந்தை கடலுக்குச் சென்று திரும்பாமற் போனார். கடலுக்குச் சென்றவர் வராத வீட்டின் நிலை எத்தகையது என்பதை நம் நெய்தல் நிலத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாயார் கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். பதினாறு வயதளவில் ழான் ஒரு செல்வர் மாளிகையில் அடுக்களைப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அவ்வீட்டுத் தலைவி ஏழைகளைக் காணச் செல்லும்போது இவரையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். கொடுப்பதிலும் ஒரு மரியாதை உண்டு என்பதை அப்பெண் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

மாலுமி ஒருவர் இவரை மணக்க விரும்பிக் கேட்டார். ழான் இணங்கவில்லை. இறைவன் தம்மை வேறொரு பணிக்காக வைத்திருக்கிறார் என்றும், அப்பணி இன்னதென்று இன்னும் தெரியவில்லை என்றும் தாயாரிடம் கூறினாராம். அப்பணி இன்னதென்று தெரிவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. இடையில் அவர் செய்தவை எல்லாம் எளிய வேலைகள். இருபத்தைந்தாம் வயதில் அருகிலிருந்த சேன் செர்வான் என்னும் துறைமுக ஊருக்குச் சென்றார். அவ்வூர் 1967-ஆம் ஆண்டில் சேன் மாலோ நகரத்தோடு இணைக்கப்பட்டது. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். உடல் தளர்ந்தபின், ஒரு முதிய சீமாட்டியின் இல்லத்தில் 1835-ஆம் ஆண்டில் அப்பெருமாட்டி இறக்கும் வரையில் ஊழியம் புரிந்தார். பின்னர் வீடு வீடாகச் சென்று நாட்கூலிக்கு வேலை செய்தார்.

1837-ஆம் ஆண்டில், பிரான்சுவாஸ் ஓபேர் என்னும் எழுபத்திரண்டு வயது மூதாட்டியோடு சேர்ந்து ஒரு சிறு வீட்டின் பகுதியை வாடகைக்கு எடுத்தார். விர்ழினி என்னும் பதினேழு வயது அனாதைப் பெண்ணும் அவர்களோடு வந்து சேர்ந்தாள். மூவரும் உழைத்து, மூவரும் உண்டு, மூவரும் வழிபட்டனர். இதில் வரலாறு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஏழைப் பெண்கள் கூடிவாழ்வது எந்த ஊரிலும் நடப்பதே.

1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில்தான் அந்த நிகழ்ச்சி நேர்ந்தது. ஆன் ஷோவன் என்னும் மூதாட்டி கண் தெரியாதவர், உடலின் ஒரு பாதி செயலற்றவர், பேணுவார் எவருமில்லாதவர். அவரை ழான் தம் வீட்டிற்குக் கொண்டுவந்தார். படிக்கட்டு குறுகலானது, ஆதலின் அவரைத் தோளிலே சுமந்துகொண்டு ஏறினார். தம் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணிலே படுத்துக்கொண்டார். அப்போது ழானுக்கு வயது நாற்பத்தேழு. சபை தோன்றியது எப்போது என்று கேட்போர்க்கு இன்றும் அச்சபையார் காட்டுவது அந்தப் படிக்கட்டையே.

அடுத்து வந்தவர் இசபெல் என்னும் முதிய பணிப்பெண். அவருடைய கதையைக் கேட்டால், ழான் யாருக்காக இந்த வீட்டைத் திறந்தார் என்பது விளங்கும். இசபெல்லின் எசமானர்கள் நொடித்துப்போயினர். அவர்களை விட்டு அவர் விலகவில்லை. கூலி இல்லாமலே உழைத்தார். தாம் சேமித்த பணத்தையும் அவர்களுக்கே செலவிட்டார். அதுவும் தீர்ந்தபின் அவர்கள் பொருட்டுப் பிச்சையும் எடுத்தார். எசமானர்கள் இறந்தபின் இவருக்கென்று எஞ்சியது ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டு அடுப்பை எரித்த பெண்ணுக்குக் கடைசியில் ஓர் அடுப்பங்கரை இல்லை. ழானும் வீட்டு வேலைக்காரியே. அந்த முடிவு தமக்கும் வரக்கூடியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1841-ஆம் ஆண்டில் சற்றுப் பெரிய இடத்தைப் பிடித்தனர். பன்னிரண்டு முதியவர்கள் அங்கே தங்கினர். அடுத்த ஆண்டு பழைய கன்னிமாடம் ஒன்றை விலைக்கு வாங்கினர். விரைவில் நாற்பது பேர் நிறைந்தனர். மரி ழாமே என்னும் இளம்பெண்ணும் வேறு சிலரும் தொண்டிற்கு வந்தனர். ஊர்க் கோயிலின் துணைக்குருவான லெ பயேர் என்பவர் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். 1842-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் அப்பெண்கள் கூடித் ழானைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். ஏழைகளின் ஊழியர் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டனர்.

நாற்பது பேருக்கு நாள்தோறும் உணவு எங்கிருந்து வரும்? இங்கேதான் ழான் செய்த செயலின் புதுமை தோன்றுகிறது. அம்முதியோருள் பலர் அதுகாறும் தெருவில் இரந்து பிழைத்தவர்கள். குளிரில் நடப்பதும், கிடைத்த காசைச் சிலர் மதுவில் தொலைப்பதும் வழக்கமாயிருந்தன. ழான் ஒவ்வொருவரிடமும், உனக்கு வழக்கமாகக் கொடுக்கிறவர்கள் யார், எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்டறிந்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தாமே அந்த வீடுகளுக்குச் சென்றார். இன்னார் இனி வரமாட்டார், அவருக்காக நான் வந்திருக்கிறேன், அவருக்குக் கொடுப்பதை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டார். பிச்சைக்காரரின் வாடிக்கையையே தாம் ஏற்றுக்கொண்டார். அப்பம் கிடைத்தாலும் வாங்கினார். காசு கிடைத்தாலும், கந்தல் துணி கிடைத்தாலும் வாங்கினார். வீட்டிலிருந்த முதியோரும் வாளா இருக்கவில்லை. இயன்றவர்கள் நூல் நூற்றுத் தங்கள் பங்கைச் செய்தனர்.

இரத்தல் எளிய காரியமன்று. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்பதின் கூச்சத்தை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த மொழி நம்முடையது. ழானுக்கும் அக்கூச்சம் இருந்தது. பழகிய தெருக்களிலே கூடையோடு நிற்பதற்கு அவர் தம்மைத் தாமே வெல்ல வேண்டியிருந்தது. ஒருவர் சினந்து அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்றும், இது எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதேனும் கொடுங்கள் என்று அவர் அமைதியாகக் கேட்டார் என்றும் ஒரு செய்தி சபையில் வழங்கிவருகிறது. மணிமேகலை ஆதிரையிடம் முதற் பிச்சை ஏற்று, உலக அறவியிலே குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் உணவளித்ததை நம் காப்பியம் கூறுகிறது. அவள் கையிலிருந்தது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. ழானின் கூடை ஒவ்வொரு மாலையும் வெறுமையாயிற்று. ஒவ்வொரு காலையும் அதனை மீண்டும் தூக்கவேண்டியிருந்தது.

1843-ஆம் ஆண்டு டிசம்பரில் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் காலம் மறுபடி வந்தது. சகோதரிகள் ழானையே மீண்டும் தேர்ந்தனர். இரண்டு வாரங்களுள் லெ பயேர் அத்தேர்தலைத் தள்ளிவைத்து, இருபத்து மூன்று வயதான மரி ழாமேயைத் தலைவியாக நியமித்தார். காரணம் எதுவும் கூறப்படவில்லை. ழான் எதிர்த்து வாதாடவும் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருவிற்குச் சென்றார். ரென், தினான் முதலிய நகரங்களில் 1846-ஆம் ஆண்டு தொட்டுப் புதிய இல்லங்கள் தோன்றியபோது, அவற்றிற்கு வேண்டிய பொருளை ஈட்டித் தந்தது அந்தக் கூடையே.

இதனிடையே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. சேன் செர்வான் ஊர்ப் பெரியோர் கூடி, ழானின் தொண்டினை விரித்துரைத்து ஒரு சான்றுரை எழுதினர். நகராட்சித் தலைவரும் பிறரும் அதில் ஒப்பமிட்டனர். அது பாரிசிலுள்ள பிரெஞ்சுக் கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டது. ஏழை ஒருவர் செய்த நற்செயலுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பெறும் மொந்தியோன் பரிசு, 3,000 பிராங்கு, 1845-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ழானுக்கு அறிவிக்கப்பட்டது. துப்பேன் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர் அந்த அவையில் இந்த வேலைக்காரப் பெண்ணைப் பாராட்டி உரையாற்றினார். பரிசுப் பணம் முதியோர்க்கே செலவாயிற்று. அந்தச் சான்றுரை மட்டும் ஆவணக் கட்டிலே தங்கியது. அது தங்கியதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

சபையின் பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 1844-ஆம் ஆண்டில் அவர்கள் ஏழைகளின் சகோதரிகள் ஆயினர். 1849-ஆம் ஆண்டிலே ஏழைகளின் சிறிய சகோதரிகள் ஆயினர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சிறிய என்னும் சொல் இடர் தருகிறது. பிரெஞ்சு மொழியில் அது பணிவையும் குறிக்கும், இளமையையும் குறிக்கும், செல்லத்தையும் குறிக்கும். தமிழிலே தங்கை என்றால் அம்மூன்றும் ஓரளவு வந்துவிடுகின்றன. எண்பது வயது ஏழையின் அருகே நிற்கும் இளங்கன்னி, தான் காப்பாற்றுகிறவள் என்ற நினைவின்றி, இவர் எனக்கு மூத்தவர், நான் இவருக்குத் தங்கை என்று நினைக்க வேண்டும் என்பதே அப்பெயரின் கருத்து. துறவியர் பொதுவாக ஏற்கும் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகளோடு இவர்கள் நான்காவதாக விருந்தோம்பலையும் ஏற்கின்றனர். வருகின்ற முதியவர் நோயாளியும் அல்லர், கடனாளியும் அல்லர், விருந்தினர்.

1852-ஆம் ஆண்டில் ரென் நகரத்து ஆயர் சபைக்கு ஒப்புதல் அளித்தார். அதே ஆண்டில் லெ பயேர் ழானைத் தாய்மடத்திற்கு வரவழைத்துக்கொண்டார். இனி வெளியே சென்று இரத்தல் வேண்டா, உதவி செய்தோரோடு தொடர்பு வேண்டா என்பது கட்டளை. ஊரெல்லாம் அறிந்த ழான் ழுகான், சிலுவையின் சகோதரி மரியாள் என்னும் துறவுப் பெயரோடு மடத்தின் மதிலுக்குள்ளே மறைந்தார். 1856-ஆம் ஆண்டு முதல் சேன் பெர்ன் என்னும் சிற்றூரிலுள்ள தாய்மடத்திலே வாழ்ந்தார். மொத்தம் இருபத்தேழு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. பயிற்சிக்கு வந்த இளங்கன்னியர் அவரை ஒரு வயதான சகோதரி என்றே அறிந்தனர். சபையைத் தோற்றுவித்தவர் லெ பயேர் என்று கற்பிக்கப்பட்டது. ழான், மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் என்று வரிசைப்படுத்தப்பட்டார்.

அவர் என்ன நினைத்தார்? அவர் எழுதிவைத்த நூல் எதுவுமில்லை. என் பணியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், நானும் மனமுவந்து உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர் ஒருமுறை லெ பயேரிடம் கூறியதாகச் சொல்வர். அந்தச் சொல்லில் பணிவு இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்ல அவர் அஞ்சவில்லை. அவருடைய பொறுமையைப் போற்றும்போது, அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதை நாம் மறைத்தல் கூடாது. பொறுத்தவரின் பெருமை, பொறுக்கச் செய்தவரின் குற்றத்தைக் குறைத்துவிடாது.

ஒரே ஒருமுறை அவருடைய சொல் சபையின் போக்கை உறுதிப்படுத்தியது. 1865-ஆம் ஆண்டில், ஆண்டுதோறும் நிலையான வருவாய் தரும் கொடை ஒன்றை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. இல்லங்கள் பெருகியிருந்தன, கவலையின்றி நடத்த அது உதவியிருக்கும். கூட்டத்தாருக்குத் துணிவு பிறக்கவில்லை. மூலையில் இருந்த ழானின் கருத்தைக் கேட்டனர். நிலையான வருவாய் வேண்டா, இதுகாறும் போலவே இறைவனையும் மக்களையும் நம்பியிருப்போம் என்று அவர் கூறினார். சபையும் அவ்வாறே முடிவு செய்தது. இது வீம்பு போலத் தோன்றலாம். ஆயினும் நாள்தோறும் கேட்க வேண்டியிருந்தால்தான் அந்த ஊர் மக்கள் தங்கள் முதியோரை நாள்தோறும் நினைப்பார்கள். வங்கியிலிருந்து வட்டி வந்துவிட்டால் கூடை தேவையில்லை. கூடை வராத தெரு முதியோரை மறந்துவிடும்.

1879-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், பதின்மூன்றாம் லியோ சபையின் ஒழுங்குமுறைக்கு இசைவு வழங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில் ழான் மறைந்தார். அப்போது சபையில் 2,400 சகோதரிகள் இருந்தனர். 177 இல்லங்கள் நடந்தன. அச்சகோதரியருள் பெரும்பாலோர்க்கு இறந்தவர் யார் என்பது தெரியாது.

உண்மை வெளிவந்தது மெல்ல மெல்லவே. லெ பயேரின் நடத்தை பற்றி விசாரணை நடந்து, 1890-ஆம் ஆண்டில் அவர் ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டுப் பதவியிழந்தார். தலைவியாயிருந்த மரி ழாமே, தாம் முதல்வர் அல்லர் என்பதைத் தம் இறுதி நாட்களில் ஒப்புக்கொண்டார் என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சபை வரலாற்றை ஆராய்ந்தோர்க்கு, ஊர்ப் பெரியோர் ஒப்பமிட்டனுப்பிய அந்தப் பழைய சான்றுரையும், கலைக்கழகத்தின் பரிசுரையும் கைகொடுத்தன. முதியோரைச் சுமந்தவர் யார், கூடையை ஏந்தியவர் யார் என்பது அவற்றில் ஐயமின்றி எழுதப்பட்டிருந்தது. அலுவலகக் காகிதங்களோடு நாளெல்லாம் போராடும் நம் போன்றோர்க்கு இது ஓர் ஆறுதல். செம்மையாக எழுதிக் காப்பாற்றிய ஒரு காகிதம், எழுதியவர்கள் மறைந்தபின்னும், ஒரு பெண்ணின் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ழான் அருளாளராகவும், 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ழான் இறந்த மூன்றாம் ஆண்டில், 1882-இல், சிறிய சகோதரிகள் கல்கத்தாவிற்கு வந்தனர். 1900-ஆம் ஆண்டிலே பெங்களூரில் இல்லம் அமைத்தனர். பின்னர்ச் செகந்தராபாத்திலும் சென்னையிலும் முதியோர் இல்லங்கள் எழுந்தன. சாதியும் சமயமும் கேளாது, வறியவரா, முதியவரா என்று மட்டும் கேட்டுச் சேர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

கல்கத்தா இல்லத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1948-ஆம் ஆண்டில் லொரெட்டோ மடத்தை விட்டு வெளியேறிய ஒரு கன்னி, பாட்னாவில் சில மாதம் செவிலிப் பயிற்சி பெற்று, டிசம்பரில் கல்கத்தா திரும்பினார். அவருக்கு நகரத்தில் தங்க இடமில்லை. சிறிய சகோதரிகள் தம் முதியோர் இல்லத்திலே அவருக்கு இடம் கொடுத்தனர். அங்கிருந்து அவர் நாள்தோறும் நடந்து சென்றார். அம்மாதம் 21-ஆம் நாள் மோத்திஜீல் சேரியில் தம் பணியைத் தொடங்கினார். அவரே அன்னை தெரேசா. 1950-ஆம் ஆண்டில் அவர் நிறுவிய சபையை உலகம் அறியும். அவர் தலை சாய்த்த அந்த முதல் இடத்தை அறிந்தவர் குறைவு. படுக்கையைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டுப் பரணில் படுத்தவரின் வீட்டிலே, நூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வந்தவர்க்கு ஒரு படுக்கை இருந்தது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறும் பிறநாட்டுச் செய்தியன்று. நம்முள் பலருடைய தாய்தந்தையர் தஞ்சையிலோ நெல்லையிலோ தனித்திருக்கின்றனர். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். திருவிழாவிற்குச் சென்று வருகிறோம். பிரான்சு 1905-ஆம் ஆண்டில் வறிய முதியோர்க்கு உதவச் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் 2007-ஆம் ஆண்டில், பெற்றோரைப் பிள்ளைகள் பேண வேண்டும் என்று சட்டம் பிறந்தது. இவை வேண்டியவையே, கருணையை மட்டும் நம்பி முதுமையை விட்டுவிட முடியாது. ஆயினும் சட்டம் பணத்தைப் பெற்றுத் தரலாம். கண் தெரியாத ஒருவரைத் தோளில் சுமந்து மாடி ஏறுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். ஊரிலே நம் பெற்றோர்க்காக அவ்வாறு படியேறும் அண்டை வீட்டாரையும், வேலைக்கார அம்மாவையும், உறவினரையும் நாம் அறிவோமா? அவர்கள் முதுமையடையும்போது அவர்களுக்கு யார் இருப்பார்கள் என்று எண்ணியிருக்கிறோமா?

நாம் வந்து வாழும் இந்த ஊரிலும் முதியோர் இருக்கின்றனர்; அவர்களுடைய பிள்ளைகளும் வேறெங்கோ பிழைக்கச் சென்றிருக்கலாம். நாளை அங்காடியில் அந்தக் கன்னியர் இருவரைக் கண்டால், நம்மால் இயன்றதைக் கொடுப்போம். கொடுக்க இயலாதபோதும் ஒரு நல்ல சொல் கூறுவோம். வீடு திரும்பியதும், ஊரிலிருக்கும் நம் முதியோர்க்கு ஒரு கடிதம் எழுதுவோம். அல்லது தொலைபேசியில் அழைத்து, அவர்கள் பேசி முடிக்கும் வரையில் கேட்டுக்கொண்டிருப்போம்.